ஏனையோர்

வாகைக்காதை என்றொரு ஊர் இருந்தது. பாட்டுகள் குடியிருந்த ஊர். கல்லும் மண்ணும் இல்லாமல் வெறும் சொல்லால் கட்டிய ஊர் அது. ஒரு வேந்தன் போருக்குப் போனான், வென்றான், திரும்பி வந்தான். ஊரின் மொத்தக் கதையும் இவ்வளவுதான். இதைச் சொல்ல ஆயிரத்துச் சொச்சம் பாட்டுகள் தெருத்தெருவாக வரிசை கட்டி நின்றன. நாட்டு வளத்துக்கு ஒரு தெரு, நகர வளத்துக்கு ஒரு தெரு, அரசியின் பிரிவுத் துயருக்கு ஒரு நீளமான தெரு. ஒவ்வொரு வாசலிலும் எண் உண்டு. யாராவது வாசிக்க வந்தால் பாட்டுகள் எண் வரிசைப்படி எழுந்து நின்று தங்கள் அடிகளைச் சொல்லும். புத்தகம் மூடிவிட்டால் ஊருக்குள் நடமாடும், அரட்டை அடிக்கும், சண்டை போடும்.

அந்த ஊரில் யாருக்கும் தனியாகப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. ஒரு பாட்டு எந்தச் சொல்லில் தொடங்குகிறதோ அதுவே அதன் பெயர். நிலவு என்று தொடங்கினால் நிலவு. மறவர் என்று தொடங்கினால் மறவர். வெற்றித் தெருவின் நடுவில் குடியிருந்த நம்முடைய பாட்டுக்கு யானை என்று பெயர் வந்தது இப்படித்தான். நாலே அடியில் மெலிந்து நின்ற ஒருத்தியை யானை என்று கூப்பிட்டால் புதிதாகக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்குப் பழகிவிட்டது.

அவள் சொல்வது இது:

யானைக்குப் பேருண்டு; வாளுக்கும் பேருண்டு;
சேனைக்கு முன்சென்ற தேருக்கும் பேருண்டு;
பானைக்குள் உலைவைத்துப் பார்த்திருந்தேன் என்மகனை;
ஏனையோர் என்றீரே, என்மகன்பேர் குவிரனே.

வென்று வந்த வேந்தன் முன்னால் அவைப்புலவன் நின்று, போரில் போனவர்களைப் பாடுகிறான். செத்த யானைகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிப் பாடுகிறான். இடிமுழக்கி, பகைமிதி, மலைக்கொம்பன் என்று அது போகிறது. முறிந்த வாளுக்கு உயிர்பருகி என்று பேர். அச்சு ஒடிந்த தேருக்குக் காற்றுக்கால் என்று பேர். செத்த ஆட்களிடம் வந்ததும் ‘ஏனையோர்’ என்ற ஒற்றைச் சொல்லில் எல்லோரையும் அள்ளிப் போட்டுவிட்டு வேந்தனின் தோளைப் பாடப் போய்விடுகிறான். விருந்துக்கு நெல் குத்திக்கொண்டிருந்த ஒருத்தி உலக்கையைச் சாய்த்துவிட்டு அவைக்கு நடுவில் வருகிறாள். வந்து அந்த நாலு அடியைச் சொல்கிறாள்.

வாகைக்காதை முழுவதிலும் அவள் பேசுவது அவ்வளவுதான். அவள் மகன் இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது அவளுடைய கடைசிச் சீரில் மட்டும்தான். அந்தச் சீரை அவள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருப்பதுபோல வைத்திருந்தாள்.

அவளுக்கு இடப்பக்க வீட்டில் இடிமுழக்கி இருந்தான். யானைகளின் பெயர்களையெல்லாம் அடுக்கும் பாட்டு அவன். உடம்பெல்லாம் பெயர். வலப்பக்க வீட்டில் அறுமின் இருந்தான். அவள் பேசி முடித்ததும் வேந்தன் எழுந்து உறுமுகிற பாட்டு அது. ‘அறுமின் இவள்நாவை, அடுப்படியில் விடுமின்’ என்று, அவள் நாக்கை அறுக்க ஆணையிட்டுத் தொடங்கும்.

பார்த்தால் பயங்கரமாக இருப்பான் அறுமின். பழகினால் பாவம். வாசிக்க வந்தவர்கள் போனதும் தொண்டையைத் தடவிக்கொண்டு அவள் வாசலில் வந்து உட்காருவான்.

“கோவிச்சுக்காதக்கா. என்னை அப்படி எழுதிட்டாங்க.”

“தெரியும்டா. தண்ணி குடி. கத்திக் கத்திப் புண்ணாயிருக்கும்.”

“எரியுது. நாக்கெல்லாம் எரியுது.”

“உனக்காவது எரியுறதுக்கு நாக்கு இருக்கு.”

அவன் தலையைத் தொங்கப்போடுவான். அவள் சிரித்துவிடுவாள்.

“ஒண்ணு சொல்றேன் கேளு, அறுமின். நீ என்ன வேணா கத்து. நீ கத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நான் சொல்லி முடிச்சிடறேன். என் பிள்ளை பேரு அவையில விழுந்திடுது. அதுக்கப்புறம் நாக்கு இருந்தா என்ன, போனா என்ன.”

இப்படியே எத்தனையோ தலைமுறை போயிற்று. ஊர் ஓலையில் இருந்தது, பிறகு காகிதத்துக்குக் குடிபெயர்ந்தது. பூச்சி சில வீடுகளைத் தின்றது. யானைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒருநாள் சேதி வந்தது. ஊருக்குச் செம்பதிப்பு வரப்போகிறதாம். வீடு வீடாகச் சோதித்து, யார் இந்த ஊர்க்காரர், யார் இடையில் வந்து புகுந்தவர் என்று தீர்மானிக்கப் போகிறார்களாம். சோதிக்கப் பேருரையார் வருகிறாராம்.

பேருரையார் வந்தார். சால்வை தரையைக் கூட்ட வந்தார். ஒரு பாட்டு நாலு அடி சொன்னால் அதைப் பற்றி நாற்பது அடி பேசக்கூடியவர். அவர் காலடியிலேயே அடிக்குறிப்பு ஓடி வந்தான். உருவமும் பொடி, குரலும் பொடி. பேருரையார் எது சொன்னாலும் கீழே இருந்துகொண்டு “காண்க, காண்க” என்பான். அவன் கையில் இரண்டு முத்திரைகள் இருந்தன. ஒன்று ‘மூலம்’. அது விழுந்தால் வீடும் எண்ணும் உனக்கே. மற்றது ‘மிகை’. அது விழுந்தால் ஊருக்குக் கடைசியில், எல்லாப் பக்கமும் முடிந்தபிறகு வருகிற மிகைத் தெருவுக்குப் போக வேண்டும். அங்கே எழுத்து சின்னது. உரை கிடையாது. வாசிக்க யாரும் அவ்வளவு தூரம் வருவதும் கிடையாது.

இரண்டு நாளில் அவர்கள் வெற்றித் தெருவுக்கு வந்துவிட்டார்கள். இடிமுழக்கியைப் பார்த்ததும் பேருரையார் முகம் மலர்ந்தது.

“ஆகா, களிறுகளின் பெயர்கள். ஒவ்வொரு பெயரிலும் ஒரு வரலாறு. யானைக்குக்கூடப் பெயர் சூட்டிய பண்பாடு நம்முடையது. எழுது.”

“காண்க,” என்று எழுதிக்கொண்டான் அடிக்குறிப்பு. மூலம் விழுந்தது.

யானையின் வீட்டைத் தாண்டி முதலில் அறுமினிடம் போனார். “அறுமின்... என்ன மிடுக்கு. இது வேந்தன் வாக்கு. இதைச் சோதிக்கவும் வேண்டுமா?” அங்கேயும் மூலம் விழுந்தது. பிறகுதான் திரும்பி யானையிடம் வந்தார்.

“சொல்லம்மா.”

அவள் சொன்னாள். வழக்கத்தைவிடத் தெளிவாகவே சொன்னாள். பேருரையார் கண்ணை மூடிக் கேட்டார். கடைசிச் சீர் வந்தபோது கண்ணைத் திறந்தார்.

“எதுகை பார்.”

“சரியாக இருக்கிறது ஐயா,” என்றான் அடிக்குறிப்பு.

“சீர் அள.”

அளந்தான். “குறையில்லை ஐயா.”

“பழைய ஏடுகளில்?”

“எல்லா ஏட்டிலும் இருக்கிறாள் ஐயா.”

பேருரையார் நெற்றியைச் சுருக்கினார். “எல்லா ஏட்டிலுமா? அப்படியானால் இவளை மிகப் பழைய காலத்திலேயே யாரோ செருகியிருக்க வேண்டும்.”

“காண்க,” என்றான் அடிக்குறிப்பு.

யானைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாசலைவிட்டு இறங்கி வந்தாள்.

“ஐயா, என்னை யாரும் செருகலீங்க. நான் இங்கேயே பொறந்தவ.”

“அதை நீ சொல்லக்கூடாது அம்மா. நான்தான் சொல்ல வேண்டும்.”

“சரி, சொல்லுங்க. என்கிட்ட என்ன குறை?”

“உன் யாப்பில் குறையே இல்லை. குறை நடப்பில். நெல் குத்துகிறவள் வேந்தன் அவையில் வந்து பேசுவாளா?”

“பேசினேனே.”

“பேச மாட்டாள். மரபு இல்லை. பணிப்பெண் என்றால் ‘அரசி வருகிறார்’ என்று அறிவிக்கலாம். ‘நீராட நீர் ஆயிற்று’ என்று சொல்லலாம். தோழி என்றால் தூது போகலாம். கேள்வி கேட்க மாட்டாள்.”

“கேட்டா என்னங்க ஆகும்?”

“காவியத்தின் அமைதி கெடும்.”

“ஆயிரம் பேரைக் கொன்னுட்டு வந்து நின்னப்ப கெடாத அமைதி, நான் ஒரு பேரைச் சொன்னா கெட்டுடுதா?”

தெருவில் யாரோ சிரித்தார்கள். பேருரையார் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவர் கோபப்படவில்லை. படித்தவர். பொறுமையாகச் சொன்னார்.

“இதோ பாரம்மா. புலவர் உன் மகனை விட்டுவிடவில்லை. ‘ஏனையோர்’ என்றாரே, அதற்குள் உன் மகன் இருக்கிறான். உன்னைப்போல ஆயிரம் தாய்மார்களின் மகன்கள் இருக்கிறார்கள். ஒரு சொல்லில் அத்தனை பேரையும் அணைத்துக்கொண்ட புலவரின் நெஞ்சு எவ்வளவு விரிந்தது என்று நினைத்துப் பார்.”

“ஒரே குழியில எல்லாரையும் தள்ளி மூடினா அதுக்குப் பேரு விரிஞ்ச நெஞ்சா? இடிமுழக்கியை அந்தச் சொல்லுக்குள்ள போடச் சொல்லுங்களேன் பார்ப்போம். ‘இறந்த ஏனைய விலங்குகள்’னு.”

“நடுவில் என்னை ஏன் இழுக்கிறாய்?” என்றான் இடிமுழக்கி.

பேருரையார் தாடியை நீவினார். அவர் கொடுமைக்காரர் இல்லை. ஒரு நல்ல பாட்டைத் தூக்கி எறிவதில் அவருக்கும் வருத்தம் இருந்தது. குனிந்து, குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார்.

“உன்னைப் போகச் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஒரு வழி இருக்கிறது. உன் கடைசி அடியை மட்டும் கொஞ்சம் திருத்திக்கொள். ‘ஏனையோர் தம்மோடே என்மகனும் மாய்ந்தனனே.’ கேட்டாயா? ஓசை கெடவில்லை. தாயின் துயரம் கண்ணீராய்ப் பெருகுகிறது. உன்னை அவலச்சுவைக்கு எடுத்துக்காட்டாக வைப்பேன். பத்துப் பக்கம் உரை எழுதுவேன். மேடைக்கு மேடை உன்னைச் சொல்லி அழுவார்கள். இந்த வீடு உனக்கே. தெருக்கோடிவரை போய்விட்டு வருகிறேன். அதற்குள் யோசித்துச் சொல்.”

அவர் நகர்ந்ததும் தெருவே அவள் வாசலில் கூடிவிட்டது.

“பெரிய மனசு பண்ணிச் சொல்றார், பிடிச்சுக்கோ,” என்றான் இடிமுழக்கி. “ஓர் அடிதானே?”

பிரிவுத் துயர்த் தெருவிலிருந்து பஞ்சணையும் வந்திருந்தாள். அரசி படுக்கையில் புரண்டு வருந்துகிற பாட்டு. வேளைக்கு ஒரு சந்தனமாகப் பூசிக்கொண்டு இருப்பவள். இதுவரை யானையிடம் பேசியதில்லை. இப்போது நெருங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் அடம்பிடிக்கிறே? நான் நூறு அடிக்கு அழுகிறேன், என்னை யாராவது ஏதாவது சொல்கிறார்களா? அழறதுக்கு இந்த ஊரில் எப்பவும் இடம் உண்டு. நீயும் அழுதுவிட்டுப் போயேன்.”

“நீங்க அழறப்ப உங்க புருஷன் பேரைச் சொல்லித்தானேம்மா அழறீங்க?”

“அவர் வேந்தர்.”

“என் பிள்ளை குவிரன்.”

பஞ்சணை கையை விட்டுவிட்டாள்.

ஆனால் யானை கல்லில் செய்தவள் இல்லை. எல்லோரும் கொஞ்சம் விலகி நின்றபோது, புதிய அடியை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ஏனையோர் தம்மோடே என்மகனும் மாய்ந்தனனே. வழுக்கிக்கொண்டு வந்தது. பழைய அடியைவிட இனிமையாகவே இருந்தது. மிகைத் தெருவின் இருட்டை நினைத்தாள். யாரும் வராத இடத்தில் குவிரன் குவிரன் என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்தாள். இங்கேயே இருந்தால், பெயர் போனாலும், ‘என் மகன்’ என்றாவது நாலு பேர் காதில் விழும். இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். ஏனையோர் தம்மோடே.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புலவன் ஒருவன்தான் இதுவரை அவள் பிள்ளையை ஏனையோர் என்றான். இனி பெற்றவள் வாயாலேயே அதைச் சொல்ல வைக்கப் பார்க்கிறார்கள். அவையிலிருந்து கேட்டு வாங்க வந்த பெயரை, அவையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். அதையும் அழகாக, எதுகை தப்பாமல்.

அவள் தெரு நடுவில் போய் நின்றாள்.

பேருரையார் திரும்பி வந்தார். “என்னம்மா, முடிவு செய்தாயா?”

“செஞ்சுட்டேன். அந்த அடி உங்ககிட்டேயே இருக்கட்டும்.”

“பிடிவாதம் உன்னை எங்கே கொண்டுபோகும் தெரியுமா?”

“நான் அழறதுக்கு வரலீங்கய்யா. அழுகை எனக்கு வீட்டிலேயே நிறைய இருக்கு. கேட்கத்தான் வந்தேன். அழுதா உள்ளே வா, கேட்டா வெளியே போ. இதுதானே உங்க சோதனை? இதுக்கு எதுக்குச் சீர் அளந்தீங்க?”

பேருரையாரின் முகம் முதல்முறையாகச் சிவந்தது. “அடிக்குறிப்பே, முத்திரையை எடு.”

“கொஞ்சம் நில்லுங்க. எனக்குச் சாட்சி இருக்கு.” அவள் வலப்பக்கம் திரும்பினாள். “அறுமின், நீ சொல்லு. நான் பேசினதுக்குத்தானே நீ எழுந்து நின்னே? நான் இல்லாம நீ எப்படி வந்தே? சொல்லுடா.”

தெரு முழுவதும் அறுமினைப் பார்த்தது. அவன் வாயைத் திறந்தான். வேந்தனின் குரலில் மட்டுமே பேசிப் பழகிய வாய். சொந்தமாக ஒன்று சொல்ல வந்ததும் வறண்டுபோயிற்று.

பேருரையார் அவன் தோளில் கை வைத்தார். மெதுவாகத்தான் சொன்னார். “நீ வேந்தன் வாக்கு. ஓர் இடைச்செருகலுக்கு மறுமொழியாக வந்தவன் என்று நீயே ஒப்புக்கொண்டால், நீயும் இடைச்செருகல் என்றல்லவா ஆகும்? யோசித்துப் பேசு.”

அறுமின் யோசித்தான். தன் நெற்றியில் ஈரம் காயாத ‘மூலம்’ முத்திரையைத் தொட்டுப் பார்த்தான்.

“எனக்கு... முன்னாடி என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க ஐயா,” என்றான். “என் முறை வந்தா நான் சொல்லுவேன். அவ்வளவுதான்.”

மிகை முத்திரை யானை மேல் விழுந்தது. அவள் எண்ணைப் பிடுங்கி அறுமின் வாசலில் மாட்டினார்கள். அறுமினின் எண் அடுத்தவனுக்குப் போயிற்று. தெரு முழுவதும் ஒரு வீடு தள்ளி உட்கார்ந்தது. மாலைக்குள் அங்கே ஒரு வீடு இருந்த இடமே தெரியவில்லை.

மிகைத் தெரு அவள் நினைத்ததைவிட நெரிசலாக இருந்தது. சின்ன எழுத்தில் குனிந்து குனிந்து நடக்க வேண்டும். அவளுக்குப் பக்கத்து இடத்தில் ஓடம் இருந்தான். ‘அந்தக் கரையில் என் தங்கை வீடு இருக்கிறது, என் படகில் உன் படையை ஏற்றமாட்டேன்’ என்று சொன்ன ஓடக்காரனின் பாட்டு. அப்பால் ஒரு சின்னப் பெண். தோற்ற நாட்டிலிருந்து பொன்னோடும் குதிரையோடும் சேர்த்துக் கொண்டுவந்தபோது ‘என்னை யாராவது கேட்டீர்களா’ என்று சொன்னவள். அதற்கும் அப்பால் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு, ‘எதிரில் நிற்கிறவன் என் தம்பி சாயலில் இருக்கிறான்’ என்ற ஒரு வீரன்.

“உனக்கு என்ன காரணம் சொன்னார்?” என்று கேட்டான் ஓடம்.

“நெல் குத்துறவ பேச மாட்டாளாம். உனக்கு?”

“ஓடக்காரன் மறுக்க மாட்டானாம். இங்கே எல்லாருக்கும் அதே கதைதான் ஆத்தா. நாம செய்யாததைச் சொல்லி யாரும் நம்மை இங்கே அனுப்பலை. செஞ்சதைத்தான் செய்யவே மாட்டோம்னு சொல்லி அனுப்பியிருக்காங்க.”

செம்பதிப்பு வெளிவந்தது. கெட்டி அட்டை, தங்க எழுத்து. முன் தெருக்களில் ஒரே ஆரவாரம். வாசிக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மிகைத் தெருவரை அந்தச் சத்தம் ஈரத் துணியால் மூடியதுபோல மங்கலாக வந்தது. யானை தினமும் தன் நாலு அடியைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாசிக்க யாரும் வரவில்லை.

ஆனால் ஒருநாள் அறுமின் வந்தான். புத்தகம் மூடியிருந்த நேரம். சின்ன எழுத்துத் தெருவுக்குள் நுழைய அவன் பாதி வளைய வேண்டியிருந்தது. அவள் எதிரில் நின்றான். அவள் உட்காரச் சொல்லவில்லை.

“அக்கா, எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்போல இருக்கு.”

“ஏன், மூலம் முத்திரை அரிக்குதா?”

“அடி. திட்டு. நான் எதிர்பார்த்துத்தான் வந்தேன்.” அவன் தோளைக் காட்டினான். தோள் முழுக்கப் பென்சில் கீறல். கேள்விக்குறிகள். ‘யாரை?’ என்று ஒரு கையெழுத்து. ‘ஏன்?’ என்று இன்னொரு கையெழுத்து. “வாசிக்கிறவங்க என்கிட்ட வந்து நின்னுடறாங்க. யானைங்க பேரைக் கேட்டு முடிக்கிறாங்க, உடனே நான் எந்திரிச்சு ‘அறுமின் இவள்நாவை’ங்கறேன். எவள்? எதிரில யாருமே இல்லையே. நான் வெறும் காத்தைப் பார்த்துக் கத்திக்கிட்டிருக்கேன்.”

யானை அவனை நிமிர்ந்து பார்த்தாள். “இதை அவர்கிட்டச் சொன்னியா?”

“சொன்னேன். கால்ல விழுந்தே சொன்னேன். ‘ஐயா, நான் பொய் சொல்லிட்டேன். அவ பேசினா, அதுக்குத்தான் நான் வந்தேன். அவளைக் கூட்டிவந்திடுங்க, வாசிக்கிறவங்க கேட்கிறாங்க’ன்னு.”

“என்ன சொன்னார்?”

“‘நல்லதாயிற்று, கேள்வி வருகிற இடத்தில்தான் உரைக்கு வேலை’ன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதிட்டார்.”

“என்னன்னு?”

அறுமின் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அவன் குரலில் பேருரையாரின் குரல் வந்தது.

“‘இவள் இன்னது பேசினாள் என்பது நூலில் இல்லை. ஆயினும் வேந்தன் நாவை அறுக்கச் சொன்னமையால், அவள் பேசியது தகாத சொல் என்பது பெறப்படும்.’”

யானையின் குரல் கொதித்துக்கொண்டு வந்தது.

“அப்ப என் நாக்கை அறுத்தது மட்டும் நிஜம். நாக்கு பேசினது நிஜமில்லை. குத்தம் என்னன்னு கேட்டா, தண்டனை கொடுத்தாங்களே, அதுதான் குத்தத்துக்குச் சாட்சி. என் பிள்ளை பேரு தகாத சொல்லாடா?”

“நான் அப்படிச் சொல்லலைக்கா.”

“நீ சொல்லலை. தெரியாதுன்னு சொன்னே. அவருக்கு அது போதுமா இருந்துச்சு.”

அறுமின் தரையில் உட்கார்ந்துவிட்டான். “இன்னொன்னு சொல்லணும். நீ என்ன சொன்னேன்னு எனக்கு மறந்துக்கிட்டே வருது. முன்னெல்லாம் தினமும் உன் வாயால கேட்பேன். இப்ப யானைங்க பேருதான் நினைவுக்கு வருது. அந்தப் பேரை இன்னொரு வாட்டி சொல்லு. நான் மறக்காம வச்சுக்கறேன்.”

சொல்லக்கூடாது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பிறகு சொன்னாள். “குவிரன்.”

“குவிரன்,” என்றான் அவன்.

“வச்சுக்கிட்டு என்ன செய்வே? அவங்க முன்னாடி சொல்லுவியா?”

அறுமின் தன்னையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டான். அறுமின், இவள்நாவை, அடுப்படியில், விடுமின். ஒவ்வொரு சீராகத் தடவிப் பார்த்தான். எங்கும் ஒரு விரல் நுழைய இடமில்லை. “என் அடியில அதுக்கு இடம் விடலையேக்கா,” என்றான்.

அந்த நேரத்தில் முன்பக்கம் புத்தகம் திறந்தது. வெளிச்சம் தெருத்தெருவாக ஓடி வந்தது. அறுமின் பதறி எழுந்து, எழுத்துகளில் தலை இடிக்க இடிக்க, தன் இடத்துக்கு ஓடினான்.

வழக்கமான வாசிப்புபோல இல்லை அன்றைக்கு. ஒரு குரல் இல்லை, நூற்றுக்கணக்கான இளங்குரல்கள். எல்லாம் சேர்ந்து, மூச்சு வாங்க, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லின. மிகைத் தெருவரை ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அறுமின் இவள்நாவை. அறுமின் இவள்நாவை. நடுவே அறுமினின் சொந்தக் குரலும் கேட்கிறதா என்று யானை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இல்லை. அவன் முறை வந்தது, அவன் சொன்னான்.

“என்ன இது, என்னைக்கும் இல்லாத கூட்டம்?” என்று அவள் ஓடத்தைக் கேட்டாள்.

“மனப்பாடப் பகுதியில வச்சிருக்காங்களாம் அவனை. வேந்தனோட மிடுக்குக்கு.”

“பிள்ளைங்க யாரும் கேட்கலையா? இவள்னா எவள்னு?”

ஓடம் பதில் சொல்வதற்குள் முன் தெருவில் சத்தம் சட்டென்று அடங்கியது. வினாத்தாள் வந்துவிட்டிருந்தது. மடிப்புக் கலையாத வெள்ளை உடம்பு, யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லாத குரல். அது தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னது:

“‘அறுமின்’ எனத் தொடங்கும் பாடலை அடிமாறாமல் எழுதுக.”